சுவருக்கு அந்தப் பக்கம்

பாளையங்கோட்டை,
ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் பிள்ளை அழும், நீ "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பா தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

வியாழக்கிழமை நீ அழுதது எனக்குத் தாங்கவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து பால் கொடுத்துவிட்டு, காலையில் நீயும் பிள்ளையும் கண்ணயரும் நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கிண்டர்கார்டன் பிள்ளைகள் முற்றத்துக்கு வந்து கத்த ஆரம்பிக்கிறார்கள் என்றாய். இவ்வளவு வாடகை கொடுத்து ஸ்டுட்கார்ட்டில் வீடு எடுத்தும் ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு வழியில்லை, புகார் எழுதி வைத்துவிட்டேன், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி என்றாய். கடைசியில், "பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டியே இத்தனை வருஷம் இருந்தியே, உன்னால எப்படிம்மா பொறுத்துக்க முடிஞ்சுது?" என்று கேட்டாய்.

நான் பொறுத்துக்கொள்ளவில்லை மகளே. நானும் போய்ப் புகார் சொன்னவள்தான். இதுவரை உன்னிடம் இதைச் சொன்னதில்லை.

1991-ல் நீ பிறந்தாய். அப்போது எங்களுக்குப் பிரசவ லீவு 90 நாள்தான். தொண்ணூறாவது நாள் முடிந்ததும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டூட்டிக்குப் போயாக வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது ராத்திரி டூட்டி விழும். விடிய விடிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வெளியூருக்குப் பேசுகிறவர்களுக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்துவிட்டு, காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவேன். ஆச்சியிடமிருந்து உன்னை வாங்கிப் பால் கொடுத்து, குளித்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் ஒன்பதே காலுக்குப் பிரேயர் மணி. அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி. கொஞ்சம் அடங்கும். கண் செருகும்போது இன்டர்வெல் மணி அடிப்பார்கள். தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடிக்கிற மணி அது. அடித்த மறுநொடி இருநூறு பிள்ளைகள் வெளியே பாய்வார்கள். என் தலைமாட்டுச் சுவருக்கும் அவர்கள் விளையாடுகிற மண்ணுக்கும் நடுவில் ஆறடிச் சந்து மட்டும்தான்.

எக்ஸ்சேஞ்ச் டிரெயினிங்கில் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். சத்தம் எவ்வளவு கீச்சு என்பதை ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்வார்கள். டெலிபோன் லைன் 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், மனிதப் பேச்சு புரிவதற்கு அது போதும் என்று. மனிதக் காது ரொம்பக் கூர்மையாகக் கேட்பது 2,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். சின்னப் பிள்ளை கீச்சென்று கத்தினால் அது சரியாக அந்த இடத்தில் போய் விழும். அதனால்தான் தெருவில் லாரி போனாலும் தூங்குகிறவள், பிள்ளை கத்தினால் விழித்துக்கொள்கிறாள். உனக்கு எரிச்சல் வருவது உன் குணக்கேடு இல்லை. பெற்றவளின் காது இன்னும் விழிப்பாக இருக்கும், அதுவும் பிள்ளை பெற்ற ஐந்தாம் மாதத்தில்.

சரி, புகார் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் ராத்திரி டூட்டி முடிந்து வந்து, பத்து நிமிஷம்கூடத் தூங்க முடியாமல், தலைமுடியைக்கூட முடியாமல் அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். ஹெச்.எம். டீச்சர் நல்ல மனுஷி. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நான் அழுது முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். "பாத்துக்கிடுதேம்மா, நீங்க போய்த் தூங்குங்க" என்றார்கள்.

மறுநாளிலிருந்து சத்தமே இல்லை. மணி அடிக்கும், அவ்வளவுதான். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் உன் துணிகளைக் காயப்போட மாடிக்குப் போனேன். இன்டர்வெல் நேரம். எட்டிப் பார்த்தேன்.

வேப்பமரத்தடியில் பிள்ளைகள் எல்லோரும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இடது கையைக் கட்டிக்கொண்டு, வலது கை விரலை உதட்டில் வைத்துக்கொண்டு. லீடர் பையன் ஒருத்தன் கையில் சிலேட்டும் குச்சியுமாக நின்று, பேசுகிறவன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் ஒரு பெண் பிள்ளை, ஆறு வயது இருக்கும், ரெட்டைச் சடை, ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. விரல் உதட்டில்தான் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்தபடியே வலது கால் பெருவிரலால் மண்ணில் கட்டம் போட்டுக்கொண்டு இருந்தாள். பாண்டிக் கட்டம். எட்டுக் கட்டமும் போட்டு முடித்து, ஒரு சின்னக் கல்லைக் கால்விரல் இடுக்கில் எடுத்து முதல் கட்டத்தில் வைத்தாள். பிறகு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. எழுந்து வரிசையில் போய்விட்டாள்.

ஈரத் துணியை அப்படியே கொடியில் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அன்றைக்கு மத்தியானமே திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். "டீச்சர், பிள்ளைகளை விளையாட விட்டுருங்க. நான் தூங்குறதுக்கு வேற வழி பாத்துக்கிடுதேன்" என்றேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் இருவருமே ஒன்றும் பேசவில்லை.

அந்த ரெட்டைச் சடைப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். எங்கே இருக்கிறாளோ. மூன்று நாள் விளையாட்டு அவளுக்கு என்னால் போனது என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

வேறு வழி என்று சொன்னேனே, அதை அன்றைக்கே டீச்சரிடம் பேசித்தான் கண்டுபிடித்தோம். பள்ளிக்கூடத்து டைம் டேபிளை ஒரு தாளில் எழுதி வாங்கி வந்து அடுப்படிக் கதவில் ஒட்டினேன். இன்டர்வெல் எப்போது, சாப்பாட்டு மணி எப்போது, எந்தெந்த நாள் டிரில் பீரியட் என்று. விசில் ஊதி நடத்துகிற டிரில்லை மட்டும் காலை வேளையில் மைதானத்தின் அந்தக் கோடியில் வைத்துக்கொண்டார்கள். அப்பா கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிப் போட்டார்கள். சுவர் பக்கத்து வென்டிலேட்டரில் ஒட்டுப்பலகை வைத்து, இடுக்கெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடைத்தார்கள். சத்தம் சுவர் வழியாக வருவதைவிட இடுக்கு வழியாகத்தான் அதிகம் வரும். திரைச்சீலை எவ்வளவு கனமாகப் போட்டாலும் இடுக்கு இருந்தால் பிரயோஜனம் இல்லை. டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிட்டேன். அந்த ஒரே சீரான இரைச்சலில் மற்றது அமுங்கிவிடும்.

நீ வீடியோவில் காட்டிய ஜன்னல் இரட்டைக் கண்ணாடி, சுற்றிலும் ரப்பர். அப்படி ஒரு ஜன்னல் அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தால்! ஆனால் நீ அதை மேலே சாய்த்துத் திறந்து வைத்துவிட்டுத்தான் தூங்குகிறாய், நான் கவனித்தேன். பிள்ளைகள் வெளியே வருகிற நேரம் மட்டும் இறுக்கி மூடு. அவர்கள் உள்ளே போனதும் அகலத் திறந்து காற்று வாங்கு. பாப்பாவின் தொட்டிலைத் தெருப் பக்கத்து அறைக்கு மாற்று. இந்த வயதில் பிள்ளையைக் கண்பார்வையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அதனால் நீயும் அங்கேயே படு.

இன்னொன்று. உன்னை எழுப்புகிற அளவுக்கு அந்தச் சத்தம் பாப்பாவை எழுப்புகிறதா என்று இரண்டு நாள் பார். நீ குழந்தையில் குக்கர் விசிலுக்கு வீறிட்டு எழுவாய். இன்டர்வெல் சத்தத்துக்கு அசையவே மாட்டாய். வயிற்றில் இருந்த காலத்திலிருந்தே கேட்ட சத்தம் அல்லவா.

புகார் விஷயம். மாப்பிள்ளையிடம் கேட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவர் சட்டத்தைத் தேடி எடுத்து, எனக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பினார். ஜெர்மனியில் 2011-ல் சட்டத்தையே திருத்திவிட்டார்களாம். கிண்டர்கார்டனிலிருந்தும் விளையாட்டு மைதானத்திலிருந்தும் வருகிற பிள்ளைகள் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கருதக் கூடாது, இத்தனை டெசிபலுக்கு மேல் போனது என்று அளந்து பார்த்தும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று. டோக்கியோவிலும் 2015-ல் பள்ளிக்கு முந்திய வயதுப் பிள்ளைகளின் குரலுக்கு இரைச்சல் விதியிலிருந்து விலக்குக் கொடுத்தார்களாம். அந்த ஊர்க்காரர்கள் இதை எழுதி வைக்க வேண்டி வந்ததே எனக்குச் சங்கடமாக இருந்தது. பிள்ளைகள் சத்தம் ஆகாது என்று எத்தனை பேர் வழக்குப் போட்டிருந்தால் ஒரு சட்டமே வேண்டியிருக்கும்! ஆனால் சட்டம் இடம் கொடுக்காது என்பதற்காக அனுப்பாதே என்று நான் சொல்லவில்லை. அனுப்பினால் ஒருவேளை யாராவது ஒரு டீச்சர் நல்ல மனசோடு, "பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவார். அதுதான் என் பயம்.

எல்லாச் சத்தத்தையும் சகித்துக்கொள் என்று சொல்ல வரவில்லை. ஆண்டுவிழா ஒத்திகைக்கு ஒரு வருஷம் கூம்பு ஒலிபெருக்கியை நம் மாடியைப் பார்த்துக் கட்டிப் பத்து நாள் பாட்டுப் போட்டார்கள். அதை விடவில்லை நான். போய்ப் பேசி, திருப்பிக் கட்ட வைத்தேன். வேன்காரர்கள் வாசலில் நின்று ஹாரன் அடிப்பதையும் விடுவதில்லை. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வந்த இரைச்சல் விதிப்படி பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே பகலில் 50 டெசிபல்தான் அளவு. பள்ளிக்கூடத்துக்கு அந்த விதி உள்ளே படிக்கிற பிள்ளைகளுக்காகத்தான். அதற்குள் வந்து ஹாரன் அடிக்கிறவர்கள் எல்லாம் பெரியவர்கள். அவர்களிடம் சண்டை போட எனக்குத் தயக்கமே இல்லை.

போகப் போக என் காது வேறு மாதிரி ஆகிவிட்டது. ட்ரங்க் போர்டில் நாலு லைன் குரல் கலந்து வரும், அதில் நமக்கு வேண்டிய ஒரு குரலைப் பிரித்துக் கேட்பதுதான் என் வேலை. அதே காதை வைத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். இது கள்ளன் போலீஸ், இது கிளியாந்தட்டு, இது வெறும் தண்ணீர்க் குழாய்ச் சண்டை என்று தெரிந்துவிடும். ஒரு தடவை, நீ கல்லூரிக்குப் போன பிறகு, வடக்குப் பக்கமிருந்து ஒரு கத்தல். மற்ற எல்லாக் குரலும் ஒரே நொடியில் நின்றுவிட்டது. விளையாட்டுக் கத்தலுக்கு அப்படி நிற்காது. போட்டது போட்டபடி ஓடினேன். இரும்புக் கேட்டின் கீல் இடுக்கில் ஒரு பையன் விரல் மாட்டியிருந்தது. டீச்சர் வருவதற்குள் நான் சந்து வழியாகப் போய்க் கேட்டைத் தூக்கிப் பிடித்துவிட்டேன்.

அப்புறம் 2020. ஜனவரி 31-ஆம் தேதி விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். இனிமேல் பகலெல்லாம் வீட்டில்தான், இன்டர்வெல் மணிக்குக் காபி போட்டுக் குடிக்கலாம் என்று இருந்தேன். மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. பத்தொன்பது மாதம், மகளே. மைதானத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்துவிட்டது. பூட்டிக் கிடந்த பள்ளிக்குள் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, அது எனக்குப் பின்னறையில் கேட்டது. பதினோரு மணிக்கு அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிச் சுவரைப் பார்ப்பார்கள், திரும்பப் படிப்பார்கள்.

திறந்த அன்று மாடியில் போய் நின்றேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்கிறார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு. இன்டர்வெல் மணி அடித்தது. வெளியே வந்தார்கள், நின்றார்கள். ஓடத் தெரியவில்லை அந்தப் பிள்ளைகளுக்கு. யாரோடு ஓடுவது என்று தெரியவில்லை. பழைய சத்தம் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தினமும் அந்த நேரத்துக்கு நான் காது கொடுத்து நின்றேன்.

இப்போது 2023 ஆகஸ்டிலிருந்து காலை உணவு போடுகிறார்கள் அல்லவா, எட்டு மணிக்கு முன்பே வந்துவிடுகிறார்கள். உப்புமாவும் சாம்பாரும் தின்றுவிட்டுத் தெம்பாகக் கத்துகிறார்கள். முன்பைவிட ஒரு மணி நேரம் கூடுதல் சத்தம். பசியோடு வந்து பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு அது சந்தோஷம்தான்.

நீ ஒரு காரியம் செய். நாளைக்கோ மறுநாளோ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய் அந்த டீச்சரைப் பார். புகார் வேண்டாம். எப்போது வெளியே வருவீர்கள், எப்போது உள்ளே போவீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதி வாங்கு. ராத்திரி ஒரு தடவை பாலைப் புட்டியில் எடுத்து வைத்து மாப்பிள்ளையைக் கொடுக்கச் சொல். உனக்கு வேண்டியது நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம். அது இல்லாதவளுக்குக் கொலுசுச் சத்தமும் இடிதான்.

எனக்கு விசா வந்துவிட்டது, நேற்றுத்தான் தபாலில் பாஸ்போர்ட் வந்தது. அடுத்த மாதம் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். வந்து மூன்று மாதம் இருப்பேன். ராத்திரி பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், ராத்திரி டூட்டி எனக்குப் புதிதில்லை. காலையில் நீ எழுந்ததும் நான் படுத்துக்கொள்கிறேன். முற்றத்துப் பக்கத்து அறையில் எனக்குப் படுக்கை போட்டு வை.

அம்மா