பழைய லேன் கார்டும் ஐப்பசி இடியும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பத்தாவது போகிறாள். அரசுப் பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் பாடமெல்லாம் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான்.

“அந்தக் காலத்து லேன் கார்டுக்கு லினக்ஸில் இன்னும் எதற்கடா டிரைவர், கார்டை ஓட்டும் அந்தப் புரோகிராமை எடுத்துவிட்டால் என்ன?” என்று கேட்டிருந்தாய். ஐப்பசியில் ஒரு வாரம் இங்கே வந்து இருந்து பார். மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கினால், மதர்போர்டோடு வரும் லேன் போர்ட்தான் முதலில் போகும். போர்டையே மாற்ற எல்லோரிடமும் காசு இருக்கிறதா? காலியாக இருக்கும் பிசிஐ ஸ்லாட்டில் ஒரு ரியல்டெக் 8139 கார்டைச் சொருகி லினக்ஸைப் பூட் செய்தால் போதும். சிடி தேட வேண்டாம், கேபிளை மாட்டியதும் விளக்கு எரியும். நம் வாசகசாலைக் கம்ப்யூட்டர் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த சிப் ஒன்றும் உசத்தி சரக்கில்லை. வருகிற பாக்கெட்டையெல்லாம், அதாவது துண்டு துண்டாக வரும் டேட்டாவையெல்லாம், மெமரியில் ஒரே பஃபரில் அடுத்தடுத்துக் கொட்டிவிடும். ஒவ்வொன்றையும் பிராசசர்தான் அள்ளி வேறிடத்தில் வைக்க வேண்டும். அனுப்புவதற்கு நாலே நாலு டிஸ்கிரிப்டர், அதாவது ஒரே நேரத்தில் நாலு பாக்கெட்டைத்தான் வரிசையில் வைக்கலாம். வேகம் விநாடிக்கு 100 மெகாபிட். பிஎஸ்சி (பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) வேலைக்கு விண்ணப்பம் போடவும் பேப்பர் படிக்கவும் அது தாராளம்.

எனக்குக் கவலை வேறு. லினக்ஸின் மையமான கர்னலின் உள்ளமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் ஒரு ஃபங்ஷனை மாற்றினால், கர்னலுக்குள் அதைக் கூப்பிடும் டிரைவர்களையும் சேர்த்தே திருத்த வேண்டும் என்பது அங்கே வழக்கம். வெளியே கிடக்கும் டிரைவர் சில வெர்ஷன்களில் உடைந்துபோக, உள்ளே இருப்பது பிழைத்துக் கிடப்பது இதனால்தான். ஆனால் திருத்துகிறவர் கையில் அந்தக் கார்டு பெரும்பாலும் இருக்காது. கம்பைல் ஆகிறது என்று அவருக்குத் தெரியும். பாக்கெட் போய்ச் சேர்கிறதா என்பது கார்டு வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். அவன் வாய் திறக்காவிட்டால், அந்த டிரைவரை யாரும் பயன்படுத்துவதில்லை என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை.

டோக்கன் ரிங் என்ற பழைய நெட்வொர்க் முறைக்கான டிரைவர்கள் 2012இல் லினக்ஸ் 3.5 வெர்ஷனோடு போயின. அதில் எனக்கு வருத்தமில்லை. லினக்ஸ் மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் செய்த முறை எனக்குப் பிடித்திருந்தது. 10, 100 மெகாபிட் கார்டுகளுக்கான டிரைவர்களை 2018இல் பட்டியல் போட்டு, யார் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார்கள். 2021இல் வந்த 13.0இல்தான் பலவற்றை எடுத்தார்கள். 3காம் கம்பெனியின் ஈதர்லிங்க் 3 கார்டுக்கான ‘ஈபி’ டிரைவர் போனது, 8139க்கான ‘ஆர்எல்’ தங்கியது.

அதனால் புது கர்னல் வந்ததும் கடையில் ஒரு பெட்டியில் ஏற்றி, பெரிய ஃபைலை இரண்டு பக்கமும் அனுப்பி, நடுவில் கேபிளைப் பிடுங்கிச் சொருகி, சஸ்பெண்டில் போட்டு எழுப்பிப் பார்க்கிறேன். எழுப்பிய பிறகு லிங்க் வராமல் போவதுதான் நான் முதலில் தேடுவது. நீ சி எழுதுகிறவன். அந்த டிரைவரை யாராவது தொட்டால் கோடைப் படித்துச் சொல். நான் ஓட்டிப் பார்த்து, சோதித்தது இன்னார் என்று பெயர் போடும் ‘டெஸ்டட்-பை’ வரி கொடுக்கிறேன். கர்னல்காரர்கள் அந்த ஒரு வரியை மதிக்கிறார்கள்.

தீபாவளிக்கு வரும்போது உன் வீட்டுப் பரணில் கிடக்கும் 3காம் கார்டுகளையும் எடுத்து வா. வேலந்தாவளம் தாண்டியதும் போன் பண்ணு, பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
கனகராஜ்