மாருதியைக் கொடுத்துவிட்டேன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை கோயம்புத்தூருக்கே மாற்றலாகி வந்துவிட்டதைப் படித்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பேத்தி இனி தாத்தா மடியில்தான் வளருவாள்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான், மாருதி காரை விற்றுவிட்டேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரியில் எதிரே வரும் லைட் கூசுகிறது. பகலில் போகிற இடமெல்லாம் நடந்தே போகிற தூரம். வண்டி சும்மாவே நின்றது. ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும் என்பது உனக்கும் தெரியும். பேட்டரி இறங்கும், கார்பரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாக ஒட்டும், பிரேக் பிடித்துக்கொள்ளும், டயர் ஒரே இடத்தில் அமுங்கும். அந்த நிலைக்கு அதை விட எனக்கு மனசில்லை. நன்றாக ஓடும்போதே ஓட்டுகிறவன் கையில் கொடுத்துவிட நினைத்தேன்.

1998 மாடல் 796 சிசி எஞ்சின் இன்றைக்கும் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. எஞ்சினால் எனக்கு ஒரு நாளும் கவலை இருந்ததில்லை. தூத்துக்குடியில் காருக்கு எமன் உப்புக்காற்று. டிரைவர் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தால், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. டிங்கர் வந்து ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு 'டங்' என்று கேட்டது. துருப்பிடித்த இடம் 'பொத்' என்றது. அங்கே முனையால் லேசாகக் குத்தினார், உள்ளே இறங்கிவிட்டது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, ரெட் ஆக்சைடு பூசி, அடியில் கோட்டிங் கொடுத்தோம். விற்பதற்கு முன்னால் செய்த ஒரே பெரிய செலவு அதுதான்.

முதலில் வந்த புரோக்கர் இதெல்லாம் எதற்கு என்றார். ஓட்டை மேலே பட்டி போட்டுத் தேய்த்து பெயிண்ட் அடித்து, புது மேட் விரித்துவிட்டால் யாருக்கும் தெரியாதாம். அவரை அன்றோடு அனுப்பிவிட்டேன். தரையில் பட்டி போட்டு மறைப்பது அயோக்கியத்தனம். அதன்மேல்தானே ஒருவன் கால் வைத்து பிரேக்கை மிதிக்கப்போகிறான்?

வாங்கினவன் கோவில்பட்டிப் பையன், லேத்தில் வேலை பார்க்கிறான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். வண்டியில் உள்ள குறையையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். காலையில் இரண்டாவது கியர் உறுமும், ஏசி கிடையாது, தரைத்தகடு மாற்றியது, இடது பக்கம் திருப்பினால் ஜாயிண்டில் டக் டக் என்று சத்தம் வரும். படித்துவிட்டு அவனே கீழே குனிந்து சக்கரத்துக்கு உள்பக்கம் விரலால் தடவினான். கிரீஸ் கறுப்பாக ஒட்டியது. "பூட் கிழிஞ்சிருக்கு சார், மண்ணு போயிருக்கும்" என்றான், ஜாயிண்டை மூடுகிற ரப்பர் உறையைத்தான் சொன்னான். அந்த நிமிஷமே என் மனசு முடிவாகிவிட்டது. அவன் கேட்டதற்காக இரண்டாயிரம் குறைத்தேன், 43,000-க்கு முடிந்தது. கூட ஐயாயிரம் தருவதாகச் சொன்ன ஆளும் இருந்தார். ஆனால் அவர் எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியை இரும்புக்குப் போடுகிறவர்.

ஒன்றை மட்டும் உனக்கு அழுத்திச் சொல்கிறேன். "கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க சார், பேரு அப்புறம் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வாங்குகிறவர் பெயர், தேதி எல்லாம் நிரப்பின பிறகு கையெழுத்துப் போடு. விற்ற 14 நாளுக்குள் நீ ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி கை மாறி எங்கேயாவது ஆளை இடித்துவிட்டால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. அந்த வழக்கில் வண்டி நாலைந்து கை மாறியிருந்தது, ஆனால் ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், முதல் ஆள் பெயரே இருந்தது. நம்மைப் போல பென்ஷனில் இருக்கிறவர்கள் அந்த நஷ்டஈட்டைத் தாங்க முடியுமா? நானும் அந்தப் பையனும் சேர்ந்தே ஆர்டிஓ ஆபீசுக்குப் போய்வந்தோம். அவன் பெயரில் ஆர்சி வந்ததைப் போனில் படமாகப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். டெல்லிச் செய்தியைப் படித்துவிட்டுப் பயந்து எழுதியிருக்கிறாய். 15 வருஷப் பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்ற பேச்செல்லாம் தலைநகர் வட்டாரத்தோடு சரி. நமக்கு எஃப்சி (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்சியைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் செலவு முன்னைப்போல இல்லை. 2022 வரை 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. உன்னுடையது 2001 மாடல், ஆர்சி இந்த வருஷம் முடிகிறது, அதனால் இந்தத் தொகையையும் கணக்கில் வை.

பணம் கட்டுவதற்கு முன்னால் தரைத்தகட்டைத் தட்டிப் பார்க்கச் சொல். கோயம்புத்தூரில் உப்புக்காற்று இல்லை, உன் வண்டி தப்பியிருக்கும் என்று நம்புகிறேன். தகடு நன்றாக இருந்தால் தயங்காமல் புதுப்பி. நீயே ஓட்டினாலும் சரி, விற்றாலும் சரி, ஆர்சி உயிரோடு இருக்கிற வண்டிக்குத்தான் மதிப்பு. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினாய் என்று உனக்கே ஞாபகம் இல்லையென்றால் உடனே மாற்றிவிடு. பெட்ரோல் ஹோஸையும் பார். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. விரலால் வளைத்தால் வெடிப்புத் தெரியும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதே, கூலன்ட் ஊற்று. ஸ்பேர் ஏதாவது கிடைக்காவிட்டால் உக்கடத்தில் தேடு, அங்கேயும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டைக்குப் போகிற ஆள் யாரிடமாவது சொல்லிவிடலாம்.

தகடு அரித்துப் போயிருந்தால் மட்டும் செலவழிக்காதே. அரசாங்கப் பதிவு உள்ள ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்சியை ரத்து செய்துவிடு. ரத்தானதற்கு அத்தாட்சி கையில் வரும்வரை விடாதே.

டிங்கர் என்ன சொன்னார் என்று எழுது. ஆர்சியில் முடிகிற தேதியையும் பார்த்துச் சொல். 60 நாளுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஃபார்ம் 25. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமலிங்கம்