கட்-ஆஃப் கோட்டை ஏன் சற்று மென்மையாக்கினோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஹெட்லைட் புரொஜெக்டர் லென்ஸ் வாங்கியவர்களில் பலர், இம்முறை வந்த சரக்கைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "டிம் லைட்டைச் சுவரில் அடித்தால் கட்-ஆஃப் கோடு, அதாவது வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் மேல்விளிம்பு, முன்பெல்லாம் கத்தியால் கீறியதுபோல இருக்கும். இப்போது கொஞ்சம் மழுங்கித் தெரிகிறதே, தரம் இறங்கிவிட்டதா?" இறங்கவில்லை. அந்த மழுக்கத்தை நாங்கள் தெரிந்தேதான் சேர்த்தோம். காரணத்தை உங்களுக்கு விளக்கமாகச் சொல்லிவிடுவதுதான் முறை.

பழைய லென்ஸ் கைவசம் இருந்தால் அதன் கோட்டை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். விளிம்பை ஒட்டி மெல்லிய நீலப் பட்டை ஓடும். ஓட்டுபவருக்கு அது உறுத்தாது, சிலருக்குப் பிடிக்கவும் செய்யும். பாதிக்கப்படுபவர் எதிரே வருகிறவர். வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது அந்தப் பட்டை அவருடைய கண்மட்டத்தைக் கடக்கிறது. நீலமாக ஒரு மின்னல், அடுத்த கணம் வெள்ளை. இரவில், ஒரு வளைவில், இன்னொருவர் கவனத்தை இப்படி இழுக்கும் விளக்கை நல்ல விளக்கு என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

நிறம் எங்கிருந்து வருகிறது? எந்த லென்ஸும் எல்லா நிறங்களையும் ஒரே அளவுக்கு வளைப்பதில்லை. நீலம் அதிகம் வளையும், சிவப்பு குறைவாக வளையும். லென்ஸின் கீழ்ப்பாதியில் நுழையும் ஒளி மேல்நோக்கித் திரும்புகிறது, அதில் நீலம் ஒரு படி கூடுதலாக மேலே போய்விடுகிறது. மேல்பாதியில் நுழையும் ஒளி கீழ்நோக்கித் திரும்புகிறது, அங்கே குறைவாக வளைந்த சிவப்பு மேலேயே தங்கிவிடுகிறது. ஆகவே கோட்டுக்கு மேல் நீலம் கசிந்தால் கீழ்ப்பாதியின் ஒளி ஓங்கியிருக்கிறது, சிவப்பு கசிந்தால் மேல்பாதியின் ஒளி ஓங்கியிருக்கிறது என்று பொருள். சிலர் உள்ளே ஒளியின் ஒரு பகுதியை மறைத்து இந்தக் கோட்டை உண்டாக்கும் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தி நீலத்தைப் போக்கப் பார்க்கிறார்கள். நீலம் குறையும், ஆனால் அந்த இடத்தில் சிவப்பு வந்து உட்காரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நாங்கள் முதலில் மாற்றியது பொருளை: பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலிருந்து அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு மாறினோம். நிறப்பிரிகையை அளக்க அபே எண் என்று ஒன்று உண்டு. எண் பெரிதானால் நிறங்கள் குறைவாகப் பிரியும். பாலிகார்பனேட்டுக்கு அது ஏறத்தாழ 30, அக்ரிலிக்குக்கு 57. குவியத் தொலைவு 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலமும் சிவப்பும் குவியும் இடங்களுக்கு நடுவே பாலிகார்பனேட்டில் சுமார் 1.7 மில்லிமீட்டர் இடைவெளி விழும், அக்ரிலிக்கில் சுமார் 0.9. பொருளை மாற்றியதிலேயே பிரச்சினை பாதியாகிவிட்டது. ஆனால் அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். எல்.இ.டி. தன் வெப்பத்தைப் பெரும்பாலும் பின்பக்கத் தகட்டுக்குத் தள்ளுவதால் அங்கே அக்ரிலிக் தாங்குகிறது. ஹாலஜன் விளக்குக்கு எங்கள் அக்ரிலிக் லென்ஸைப் போடாதீர்கள், அதற்குக் கண்ணாடி லென்ஸ்தான் சரி.

அக்ரிலிக்கில் ஒரு குவிலென்ஸ், பாலிகார்பனேட்டில் ஒரு குழிலென்ஸ் என்று இரண்டைச் சேர்த்தால் நிறப்பிழையை இன்னும் குறைக்கலாம். காகிதத்தில் அருமையான வழி அது. ஆனால் இரண்டுக்கும் நடுவே காற்று இருந்தால் கூடுதலாக வரும் ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீதத்துக்குக் குறையாமல் ஒளி வீணாகும். இரண்டின் மையமும் சற்று விலகினாலும் புதிய பிழை முளைக்கும். அதனால் இப்போதைக்கு அதைத் தள்ளிவைத்தோம்.

மீதி நிறத்தைக் கரைப்பதற்காகத்தான் லென்ஸின் பரப்பில் சில மைக்ரான் உயர அலைகளை வார்ப்பு அச்சிலேயே பதித்தோம். கோட்டின் விளிம்பில் பிரிந்து நிற்கும் நிறங்களை அவை ஒன்றோடொன்று கலந்து வெள்ளையாக்குகின்றன. நீங்கள் பார்த்த மழுக்கம் அதுதான். அலை உயரம் கூடினால் ஒளி கோட்டுக்கு மேலே ஏறி எதிரே வருபவரைக் கூசவைக்கும், குறைந்தால் நீலம் திரும்பிவிடும். அச்சை மூன்று முறை திருத்திய பிறகே எங்களுக்குத் திருப்தி வந்தது. ஐ.நா. வாகன விதிகள் கோட்டின் கூர்மைக்குக் கீழ் எல்லையோடு மேல் எல்லையும் வைத்திருக்கின்றன. மிகக் கூர்மையான கோடும் அங்கே குறைதான்.

இன்னொன்று: எல்.இ.டி.யின் நிறமே எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. நீல ஒளி தரும் சில்லின் மேல், அந்த ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் பூச்சு இருக்கிறது. சாய்வாக வெளிவரும் ஒளி பூச்சுக்குள் நீண்ட தூரம் கடப்பதால் மஞ்சளாகிறது. ஒளிவட்டத்தின் ஓரம் லேசாக மஞ்சள் காட்டினால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். ஹெட்லைட்டின் வெளிமூடி பழுத்து மஞ்சளாவதும் வேறு கதை, அது வெயிலின் புற ஊதா செய்யும் வேலை.

லென்ஸைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், அலைகள் அழிந்துவிடும். மென்மையான ஈரத்துணி போதும். மாட்டியபின் 10 மீட்டர் தள்ளிச் சமமான தரையில் நிறுத்தி, வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். அப்போதும் நீலம் தனிப் பட்டையாகத் தெரிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். கேமராவின் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகலொளி அமைப்பில் வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் படத்திலிருக்கும் நீலம் விளக்கினுடையதா கேமராவினுடையதா என்று எங்களுக்குத் தெரியாது. விளக்கினுடையது என்றால் லென்ஸை மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
லென்ஸ் வடிவமைப்புப் பிரிவு