ஓய்வும் டூட்டிதான், அம்மிணி

அன்புள்ள அம்மிணி,

"மெஷின் போட்டும் சரியாகலை அப்பா, எனக்குத்தான் வேலை பார்க்கிற தெம்பு போயிடுச்சு போல" என்று போனில் சொன்னாய். தூங்கும்போது மூச்சு நிற்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றடிக்கும் அந்தச் சிபாப் மெஷினைத்தான் சொன்னாய். பதில் சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. உன்னிடம் போனில் எதையும் முழுசாகப் பேச முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன், நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படி.

முதலில் அந்தத் தெம்பு விஷயம். உன் ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்டை மாப்பிள்ளை எனக்கு அனுப்பியிருந்தார். மணிக்கு 34 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று இருந்தது. பத்து விநாடியாவது நீடித்தால்தான் அதைக் கணக்கிலேயே சேர்ப்பார்களாம். மணிக்கு 5-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 30-ஐத் தொட்டால் கடுமையான ஸ்லீப் ஆப்னியா. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை உன் மூளை உன்னை உலுக்கி மூச்சு விட வைக்கிறது. விழித்தது உனக்கே தெரியாது. காலையில் எழும்போதே தலைவலி, ராத்திரி அடிக்கடி பாத்ரூம், மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்கிரீனில் எழுத்து மங்குவது, பாப்பாவிடம் எரிந்து விழுவது எல்லாவற்றுக்கும் இது போதும். இப்படி ஒரு தூக்கத்தை வைத்துக்கொண்டு டீம் லீட் வரை வந்திருக்கிறாய். உன் தெம்பைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

பெண்களுக்கும் இது வரும் என்பது சட்டென்று யாருக்கும் தோன்றுவதில்லை. தடித்த கழுத்தும் தொப்பையும் வைத்துக்கொண்டு வீடு அதிரக் குறட்டை விடும் ஆம்பிளைகளின் வியாதி என்றே நினைத்துவிடுகிறார்கள். உனக்கும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், தைராய்டு டெஸ்ட் எடுத்தார்கள், வேலை டென்ஷன் என்றார்கள். குறட்டையைப் பற்றி டாக்டரிடம் வாய் திறக்க நீயும் கூச்சப்பட்டாய். நம் பக்கம் பெண்பிள்ளைகளை அப்படித்தானே வளர்க்கிறோம். மாப்பிள்ளை செல்போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து டாக்டரிடம் போட்டுக் காட்டினார் பார், அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சரி, இப்போது உன் வேலை விஷயத்துக்கு வருகிறேன். நான் ஈரோட்டில் லோகோ பைலட்டாக இருந்த காலம் முழுக்க என் ஓய்வு ரூல் புத்தகத்தில் எழுதியிருந்தது. முழு டூட்டி பார்த்துவிட்டு ஹெட்குவார்ட்டர்ஸான ஈரோட்டுக்குத் திரும்பினால் 16 மணி நேரம் ரெஸ்ட். வெளியூர் ரன்னிங் ரூமில் படுத்தாலும் இவ்வளவு நேரம் கழித்துத்தான் அடுத்த வண்டி என்று கணக்கு உண்டு. அப்புறம் இன்ஜினில் வி.சி.டி. என்று ஒரு கருவி. டிரைவர் 60 விநாடி எதையும் தொடவில்லை என்றால் விளக்கு எரியும். அடுத்த எட்டு விநாடிக்குள் பட்டனை அமுக்காவிட்டால் பஸ்ஸர் அடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் இன்னொரு எட்டு விநாடியில் வண்டி தானாகவே பிரேக் பிடித்துவிடும். எவ்வளவு பொறுப்பான மனுஷனுக்கும் கண் அசரும் என்று ஒப்புக்கொண்டவர்கள் செய்த கருவி அது. அதனால்தான் எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை.

உன் ஆபீஸில் இப்படி ஒரு புத்தகம் இல்லை. பகல் பூரா பெங்களூரு வேலை, சாயங்காலம் நியூயார்க்கில் விடிந்ததும் அங்கத்து வேலை. எவ்வளவு நேரம் தூங்கினாய் என்று அங்கே கேட்பார் இல்லை. அந்த ரூலை நீதான் உனக்கு எழுதிக்கொள்ள வேண்டும்.

நியூயார்க் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அங்கே 2013 டிசம்பர் 1-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த ரயில் விபத்துதான். மணிக்கு 48 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் வண்டி 132-ல் போய்த் தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். டிரைவர் குடித்திருக்கவில்லை, போனையும் தொடவில்லை. அவருக்கு ஆப்னியா இருந்தது, விபத்துக்குப் பிறகு பரிசோதித்தபோதுதான் அது அவருக்கே தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அவருடைய டூட்டி நேரத்தை விடிகாலைக்கு மாற்றியிருந்தார்கள். நோயும் ஷிப்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது. உன் கையில் ரயில் இல்லை என்பாய். கார் இருக்கிறதே அம்மிணி. ராத்திரி நியூயார்க் போன் கால் முடித்துவிட்டு, மறுநாள் காலை நீயே ஓட்டிக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊருக்கு வருவதை மட்டும் இனி நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தொப்பூர் கணவாய் எப்படிப்பட்ட இறக்கம் என்று உனக்கே தெரியும். ரயிலில் வா, இல்லையென்றால் மாப்பிள்ளை ஓட்டட்டும்.

மெஷின் போட்டும் சரியாகவில்லை என்றாயே, மாப்பிள்ளையிடம் கேட்டேன். பன்னிரண்டு மணிக்குப் போட்டுக்கொள்கிறாய், மூன்று மணிக்கெல்லாம் மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்றார். கனவுத் தூக்கம் விடியும் நேரத்தில்தான் அதிகம். அப்போது உடம்புத் தசையெல்லாம் தளர்ந்துவிடும், பலருக்கு மூச்சும் அந்த நேரத்தில்தான் மோசமாக நிற்கிறது. மெஷின் மிகவும் தேவைப்படும் நேரத்துக்கு நீ அதைக் கழற்றி வைக்கிறாய். நாலு மணி நேரம் போட்டால் போதும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். அது அமெரிக்காவில் மெடிகேர் இன்சூரன்ஸ் பணம் கொடுப்பதற்கு வைத்திருக்கும் கணக்கு. உனக்கு எவ்வளவு நேரம் தூக்கமோ அவ்வளவு நேரமும் மாஸ்க் வேண்டும்.

கழற்றுவதற்கும் காரணம் இருக்கும். பொங்கலுக்கு வந்தபோது உன் கன்னத்தில் வார் அழுத்திய சிவப்புக் கோடு காலை பத்து மணிக்கும் மறையவில்லை. காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது என்று நீ வாரை இன்னும் இறுக்குகிறாய். அது அளவு தப்பிய மாஸ்க். மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காருவது, வாயையும் சேர்த்து மூடுவது என்று வகைகள் இருக்கின்றன. போட்டுப் பார்த்து மாற்று. தண்ணீர் டப்பாவின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்ததையும் பார்த்தேன். போர் தண்ணீர் ஊற்றாதே, டிஸ்டில்டு வாட்டர் வாங்கு. மிச்சத்தைக் காலையில் கொட்டிவிட்டுக் கழுவிக் காய வை. மாஸ்க்கின் சிலிக்கான் ஓரத்தையும் தினம் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். முகத்து எண்ணெய் ஏறினாலும் காற்று கசியும். படுத்ததும் காற்று முகத்தில் மோதுவது பிடிக்கவில்லை என்றால் ரேம்ப் என்று ஒன்று இருக்கிறது, மெதுவாக ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டும். மற்றபடி அழுத்தத்தின் அளவை நீயாக மாற்றாதே, டாக்டரிடம் கேள். தூக்கம் வரவில்லை என்று மாத்திரையும் நீயாக வாங்கிப் போட்டுவிடாதே. சில மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.

1981-ல் சிட்னி டாக்டர் காலின் சல்லிவன் இந்தச் சிபாப் முறையைப் பற்றி உலகத்துக்குச் சொல்லும் வரை, கடுமையான ஆப்னியாவுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் பெரிய வைத்தியமாக இருந்தது. மெஷின் தொந்தரவாகத் தெரியும்போது இதையும் நினைத்துக்கொள்.

மேனேஜரிடம் என்ன சொல்வது என்று தயங்குகிறாய். நோயின் பெயரைச் சொல்ல இஷ்டமில்லையென்றால் விட்டுவிடு. ஒழுங்கான நேரத்துக்குத் தூங்குவது சிகிச்சையில் ஒரு பகுதி என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பேசு. கேட்க வேண்டியது ஒன்றுதான். நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் நமக்கு ராத்திரி ஏழரை, அவர்கள் கோடையில் ஆறரை. அந்த நேரத்துக்குக் கால் வைத்தால் ஒன்பதுக்கு நீ லேப்டாப்பை மூடிவிடலாம். அவர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து வைப்பதால்தான் உனக்கு நடுராத்திரி ஆகிறது. ரிலீஸ் நாளில் ராத்திரி வேலையைத் தவிர்க்க முடியாது என்றாய், சரி. மறுநாள் மத்தியானம் வரை லீவு கேட்டு வாங்கு. பகலில் படுத்தாலும் மாஸ்க்கோடு படு.

இதனால் ப்ரமோஷன் தள்ளிப்போகுமா என்றால், போகலாம். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 38 வயதிலேயே உனக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. ஆப்னியாவைக் கவனிக்காமல் விட்டால் பிரஷர் இன்னும் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடும். ப்ரமோஷனையும் இதையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க எனக்கு முடியவில்லை.

அம்மாவும் நானும் வியாழக்கிழமை வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. பாப்பா பரீட்சை முடியும் வரை அங்கேதான் இருப்போம். அவளை எழுப்பிக் கிளப்பி ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவது எங்கள் வேலை, நீ ஆறு மணி அலாரத்தை எடுத்துவிடு. சனிக்கிழமைக்கு மாஸ்க் கடையில் நேரம் வாங்கி வை, நானும் கூட வருகிறேன். மெஷினில் இருக்கும் மெமரி கார்டை மறக்காமல் எடுத்துக்கொள், எந்த நேரத்தில் எவ்வளவு கசிகிறது என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அன்புடன்,
அப்பா