தமிழாய்விதழ் ஆசிரியர் குழுக்களுக்கு: கட்டுரைகளை வகைப்படுத்தித் தாருங்கள்

மலேசியாவில் தமிழாய்விதழ் நடத்தும் ஆசிரியர் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பகுதிநேரமாக முதுகலை படிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி நம் நாட்டு இதழ்களில் என்ன வந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். கட்டுரைகள் இருக்கின்றன. தேடி எடுத்துக் கொடுக்கத்தான் முடிவதில்லை. இதழின் தளத்தைத் திறந்தால் தொகுதி, வெளியீடு என்று வரிசையாக நிற்கிறது. உள்ளே போனால் ‘கட்டுரைகள்’ என்று ஒரே தலைப்பு. அதன் கீழே திருக்குறள், வாசிப்புத் திறன், நாட்டுப்புறப் பாடல் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. பள்ளி முடிந்து, பிள்ளைகளைக் கவனித்துவிட்டு, இரவில் உட்கார்ந்து படிக்கும் ஓர் ஆசிரியர் ஒவ்வோர் இதழாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை. நான் பார்க்கும் இதழ்களில் பல ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற ஓ.ஜே.எஸ். மென்பொருளில்தான் ஓடுகின்றன. ஜான் வில்லின்ஸ்கி கனடாவில் 1998இல் தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் 2001இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. கட்டுரைகளைப் பொருள்வாரியாக அடுக்க ‘கேட்டகிரி’ என்ற வசதி அதன் இப்போதைய பதிப்புகளில் இருக்கிறது. இதழின் அமைப்புப் பக்கத்தில், ‘செக்‌ஷன்’ என்ற பிரிவு வசதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது, அல்லது செக்‌ஷனே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

போதாது. செக்‌ஷன் உங்கள் வேலைக்காக ஏற்பட்டது. இந்தக் கட்டுரை மதிப்பாய்வுக்கு, அதாவது துறை அறிஞர்களின் பரிசீலனைக்குப் போக வேண்டுமா, ஆய்வுச்சுருக்கம் கட்டாயமா, எந்த ஆசிரியர் பொறுப்பு, பொருளடக்கத்தில் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. ஒரு கட்டுரைக்கு ஒரு செக்‌ஷன்தான் கொடுக்க முடியும். ஆய்வுக்கட்டுரை, நூல் மதிப்புரை, தலையங்கம் என்று அதை வைத்துக்கொண்டால் சரி. சில இதழ்கள் ‘இலக்கியம்’, ‘மொழியியல்’ என்று செக்‌ஷன் போடுகின்றன. அப்புறம் ஓர் இலக்கிய நூலுக்கு மதிப்புரை வந்தால் அது எங்கே போகும்? ‘இலக்கியம்’ என்பதில் போட்டால், ஆய்வுக்கட்டுரைக்கு வைத்த மதிப்பாய்வு விதி அந்தச் சிறிய மதிப்புரைக்கும் சேர்ந்து வந்துவிடுகிறது.

கேட்டகிரி, அதாவது வகை, வாசகருக்கானது. ஒரே கட்டுரைக்கு எத்தனை வகை வேண்டுமானாலும் கொடுக்கலாம். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழில் வந்த சிறுகதைகளைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இலக்கியத்திலும் வர வேண்டும், இதழியலிலும் வர வேண்டும். ஒன்றுதான் கொடுக்கலாம் என்ற தடை வகைக்கு இல்லை. வகைக்குள் உள்வகையும் வைக்கலாம். ஒவ்வொரு வகைக்கும் தனிப்பக்கம் உண்டு. எந்த ஆண்டு, எந்த வெளியீட்டில் வந்திருந்தாலும் அந்தப் பொருளில் வந்த எல்லாக் கட்டுரைகளும் அங்கே சேர்ந்து நிற்கும். என்னிடம் வரும் ஆசிரியர்களுக்கு நான் காட்ட விரும்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

குறிச்சொற்கள் இருக்கின்றனவே என்று சொல்வீர்கள். அவற்றைக் கட்டுரையாளர் தம் விருப்பப்படி எழுதுகிறார். ஒருவர் ‘தோட்டப்புறம்’ என்பார், ஒருவர் ‘ரப்பர் தோட்டம்’, இன்னொருவர் ‘இரப்பர் தோட்டத் தொழிலாளர்’. மூன்றும் ஒன்று சேர்வதே இல்லை. முழுக் கட்டுரைக்குள் தேடலாம் என்றால், அங்கே எழுத்துரு வழிமறிக்கிறது. யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த பி.டி.எப். கோப்புகளைத் தேடுபொறியால் படிக்க முடியாது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு வெறும் குறிகளாகத்தான் தெரிகிறது. ஆங்கில இதழுக்கு வகைப்பாடு கூடுதல் வசதியாக இருக்கலாம். நமக்குப் பழைய கட்டுரைகளை எட்டிப் பிடிக்கப் பல நேரங்களில் அது ஒன்றுதான் வழி.

பட்டியல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு வகைகள் போதும். மொழி, இலக்கியம், கற்றல் கற்பித்தல், இதழியல், சமயம், கலை, தோட்டப்புற வாழ்வு என்று தொடங்கலாம். மலேசியத் தமிழ் இலக்கியத்தை இலக்கியத்தின் உள்வகையாக வைக்கலாம். தமிழ்ப்பள்ளியை மட்டும் கற்றல் கற்பித்தலுக்குள் அடக்கிவிடாதீர்கள் என்று வலியுறுத்திக் கேட்கிறேன். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து அந்த வரலாற்றில் தொழிலாளர், நிலம், அரசியல் எல்லாம் கலந்திருக்கின்றன. அது தனி வகையாகவே நிற்கட்டும். ‘பிற’ என்று ஒரு வகை வேண்டவே வேண்டாம். அவசரத்தில் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

வகையின் பெயரைத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கொடுக்க முடியும். தயவுசெய்து மூன்றிலும் கொடுங்கள். மலாய் வழியாகத் தேடி வரும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இணைய முகவரியில் வரும் பகுதியை மட்டும் ரோமன் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதை யோசித்து ஒருமுறை வைத்துவிட்டு அப்புறம் மாற்றாமல் இருங்கள், இல்லாவிட்டால் பிறர் கொடுத்த இணைப்புகள் அறுந்துபோகும். கட்டுரை அனுப்பும்போதே எழுதியவர் வகையைத் தேர்ந்தெடுக்கும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசி முடிவு உங்கள் குழுவில் ஒருவருடையதாக இருக்க வேண்டும்.

பழைய இதழ்கள்தான் கடினம். வெளியான கட்டுரையில் வகையைச் சேர்க்கப் பொதுவாக அதன் வெளியீட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, திருத்தி, மறுபடி வெளியிட வேண்டியிருக்கும். வெளியான தேதி மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. பருவ விடுமுறையில் முதுகலை மாணவர் இருவருக்கு ஊதியம் கொடுத்துச் செய்ய வைக்கலாம். ஊதியம் இல்லாமல் மாணவர்மேல் சுமத்தாதீர்கள்.

ஒவ்வோர் இதழும் தனித்தனியாகப் பட்டியல் போட்டால் பயன் பாதியாகிவிடும். கோலாலம்பூர், தஞ்சோங் மாலிம், பினாங்கு என்று பிரிந்திருக்கும் குழுக்கள் ஒரே பட்டியலை ஏற்றுக்கொண்டால், ஓர் இதழில் பழகிய வாசகர் அடுத்த இதழிலும் தடுமாற மாட்டார். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை 1966இல் நடத்திய நகரம் கோலாலம்பூர். 2001இல் தமிழ் இணைய மாநாடும் இங்கே நடந்தது. நான்கைந்து ஆசிரியர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டு தலைப்புகளை முடிவு செய்வது இங்கே முடியாத காரியமா?

கூட்டத்துக்கு நூலகத்தில் ஓர் அறையை நான் ஏற்பாடு செய்கிறேன். விவாதத்துக்கு ஒரு வரைவுப் பட்டியலையும் மும்மொழியில் எழுதித் தருகிறேன். அதுவரை காத்திராமல், அடுத்த வெளியீட்டுக்கு வரும் கட்டுரைகளுக்கு இப்போதே வகை கொடுக்கத் தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு நூலகப் பணியாளர்,
கோலாலம்பூர்