டோனர் டிரான்ஸ்ஃபர் பேப்பர் என்று இங்க்ஜெட் தாளை அனுப்பியது குறித்த புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: தவறான பொருளால் பிரிண்டர் பழுதானது, இழப்பீடு கோருதல்

ஐயா, வணக்கம்.

மதுரையில் எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டிப்ளமோ மாணவர்களின் புராஜெக்டுக்கு பிசிபி போர்டும், அதாவது செப்புத் தகட்டில் எடுக்கும் சர்க்யூட் போர்டும், செய்து கொடுப்பேன். போன மாதம் உங்கள் இணையதளத்தில் 'பிசிபி டோனர் டிரான்ஸ்ஃபர் பேப்பர், லேசர் பிரிண்டருக்கு, 20 தாள்' என்று போட்டிருந்த பாக்கெட்டை 340 ரூபாய்க்கு வாங்கினேன்.

வழக்கமாக நான் வாங்குவது மஞ்சள் தாள். வந்தது வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. முன்பு வழவழப்பான பத்திரிகைத் தாளிலும் போர்டு எடுத்துப் பழகியவன் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. முதல் தாள் பாதி வெளியே வந்ததும் பிளாஸ்டிக் கருகும் வாடை. மீதிப் பாதி, பிரிண்டருக்குள் தாளைச் சூடாக்கும் பாகமான ஃப்யூசரில் சுற்றிக்கொண்டு உருகி ஒட்டிவிட்டது. அப்புறம்தான் பாக்கெட்டின் மேலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் பார்த்தேன். அடியில் அச்சாகியிருந்தது: 'போட்டோ பேப்பர், இங்க்ஜெட் மட்டும்'. படம் இணைத்திருக்கிறேன்.

டோனர் என்பது பிளாஸ்டிக் தூள். ஃப்யூசர் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் அதை உருக்கி, சர்க்யூட் படமாகத் தாளில் பதிக்கிறது. அந்தத் தாளைச் சுத்தமாகத் தேய்த்த செப்புத் தகட்டில் கவிழ்த்து அயர்ன் பாக்ஸால் அழுத்தினால் டோனர் மறுபடி இளகிச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை எடுத்தபின், டோனர் மூடாத செம்பை பெர்ரிக் குளோரைடு கரைசல் அரித்துவிடும்; மூடிய செம்பு மின்சாரம் ஓடும் டிராக்காக நிற்கும். ஐசி சிப்பின் கால்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய டிராக் அறுபடாமல் வருவது தாளின் கையில்தான் இருக்கிறது. அது சூட்டையும் தாங்க வேண்டும், டோனரை முழுசாக விட்டுக்கொடுக்கவும் வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள போட்டோ தாளை இதற்கென்று விற்பது எப்படிச் சரி?

உங்கள் வாடிக்கையாளர் சேவையில், 'அயர்ன் பாக்ஸ் சூடு போதவில்லை, மறுபடி முயலுங்கள்' என்றார்கள். நான் அயர்ன் பாக்ஸைத் தொடவே இல்லை ஐயா, பிரிண்டரிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை அழைத்தால், பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க முடியாதாம். பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? நான்கு மாணவர்கள் கடைசி நேரத்தில் வெறும் துளைகள் போட்ட டாட் போர்டில் ஒயர் ஒயராக சால்டர் செய்து புராஜெக்டை முடித்தார்கள். அதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

தாளின் விலை 340 ரூபாயும், ஃப்யூசர் மாற்றிய செலவு 2,850 ரூபாயும் எனக்குத் திரும்ப வேண்டும். பில் இணைப்பில் உள்ளது. அதைவிட அவசரமானது, மீதமுள்ள பாக்கெட்டுகளை விற்பதை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, லேசர் பிரிண்டரில் போட வேண்டாம் என்று தகவல் அனுப்புங்கள்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதற்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். உரித்த ஸ்டிக்கரும் மீதி 19 தாளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை