தொட்டிப் பழமரங்களுக்குத் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடித் தோட்டம் பற்றி நாளிதழ்களில் வரும் குறிப்புகள் மண் கலவையையும் உரத்தையும் விரிவாகச் சொல்லிவிட்டு, தண்ணீரைப் பற்றி மட்டும் "தினமும் ஒரு குவளை ஊற்றுங்கள்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. தொட்டியில் வைத்த எலுமிச்சையும் கொய்யாவும் மாதுளையும் பட்டுப்போவதற்கு இந்த ஒரு வரியே பெரும் காரணம் என்பது, தாம்பரத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக அவற்றை வளர்த்துவரும் என் அனுபவம்.

ஒரு குவளை நீர் மேல்மண்ணை நனைப்பதோடு சரி. அடிவேர் காய்ந்தே கிடக்கும். அதிலும் தொட்டி மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் எளிதில் ஈரம் ஏற்காது என்பதால், ஊற்றும் நீர் சுருங்கிய மண்ணுக்கும் தொட்டியின் சுவருக்கும் இடையே வழிந்து அடித்துளையில் வெளியேற, நாமோ மரம் போதுமான அளவு குடித்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். என் முதல் எலுமிச்சை அப்படித்தான் போயிற்று. இலைகள் மஞ்சளானதும் தண்ணீர் மிகுந்துவிட்டதென எண்ணி மேலும் குறைத்தேன். வேர் அழுகினாலும் காய்ந்தாலும் இலை மஞ்சளாகும் என்பதை அன்று அறிந்திருக்கவில்லை.

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டாதபோது மட்டும், காலை வேளையில், அடித்துளையில் நீர் கசியும்வரை நிதானமாக ஊற்றி, சற்றுப் பொறுத்து மறுமுறையும் ஊற்ற வேண்டும். கத்திரி வெயிலில் சிறிய தொட்டிக்கு இது நாள்தோறும் தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல நாள் தேவையே இராது. மாதுளையைக் காயப்போட்டுவிட்டுத் திடீரென நிறைய ஊற்றினால் பழம் வெடித்துவிடும். காய்ந்த இலைகளால் மூடாக்கு இட்டால் ஈரம் சீராக நிற்கும். தொட்டியின் அடித்தட்டில் நீரைத் தேங்க விடக்கூடாது. வேரும் அழுகும், டெங்கு கொசுவும் பெருகும்.

ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரை வீணாக்க மனமின்றிச் செடிகளுக்கு ஊற்றுவோர் பலர். குடிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. உப்பைத் தாங்காத எலுமிச்சையின் இலைநுனி அதனால் கருகிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டுமே நம்பியிருப்போர், மழைக்காலத்தில் தொட்டிகளை மழையில் நன்றாக நனையவிட்டால், மண்ணில் படிந்த உப்பு ஓரளவு கரைந்து வெளியேறும்.

ஒட்டுக்கன்று விற்கும் நர்சரிகள், நீர் ஊற்றும் முறையைத் தமிழில் ஒரு துண்டுச்சீட்டில் அச்சிட்டுக் கன்றோடு கொடுக்க வேண்டும். தங்கள் நாளிதழும் சித்திரை பிறக்கும் முன்பே இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தாம்பரம்